சிவப்பு மையில் அடித்த பெயர்

கார்த்திகை 8, திங்கள்

விடியற்காலையில் இருந்து தூறல். மூலையில் ஒழுகல். பெட்டி நனையும் என்று இழுத்து நடுவில் வைத்தேன். வைத்ததோடு விடாமல் திறந்தும் பார்த்தேன்.

உள்ளே: பட்டம்மாளின் மூக்குக் கண்ணாடி. அவளுடையதும் சேகருடையதுமாக இறப்புச் சான்று இரண்டு, பிளாஸ்டிக் உறையில். பழைய ரேஷன் கார்டு.

அந்தக் கார்டில் கோடு விழுந்தது எந்த வருஷம் என்றால், ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் ஆன வருஷம். சாரம் பிரித்து, கல் சுமந்தவர்களும் சாந்து சுமந்தவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு கலைந்த வருஷம். அதே வருஷம் மார்கழியில் முதலமைச்சர் இறந்து கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. எங்கள் வீட்டில் அடுப்பு அதற்கு முன்பே அணைந்திருந்தது. எண்ணில் வருஷம் சொல்ல எனக்கு வராது. இப்படித்தான் வரும்.

கார்டில் நான்கு பெயர். நான், கோவிந்தன். மனைவி பட்டம்மாள். மகன் சேகர். நான்காவது பெயர் மேல் சிவப்பு மைக் கோடு. பக்கத்தில் ஒரே சொல்: இறப்பு.

நாளை சுமதி டீச்சர் வருகிறார். அங்கன்வாடி டீச்சர். எங்கள் பகுதி வாக்காளர் லிஸ்டைச் சரிபார்க்கிற வேலையையும் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் பழைய லிஸ்ட் ஒன்று இருக்கிறதாம். அதில் தன் பெயரோ அப்பா அம்மா பெயரோ இருந்தால் கவலை இல்லை. இல்லாதவர்கள் அலைய வேண்டும்.

டீக்கடையில் அவர் விசாரித்தபோது கடைக்கார மணி சொன்னது: "நம்ம கோவிந்தண்ணன் இருக்காரே டீச்சர். யாரு எப்ப செத்தான்னு எமனுக்குச் சந்தேகம் வந்தா அவர்கிட்டதான் வந்து கேக்குறான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

எனக்கு எழுத்து தெரியும் என்பது மணிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் பார்த்தவன் இல்லை. சேகருக்குக் கல்யாணம் ஆன பிறகு முதியோர் வகுப்பில் நான்கு மாதம். மீதி பஸ் போர்டில், பழைய பேப்பரில். ஆபீஸ் என்றால் இன்னமும் கட்டைவிரலைத்தான் நீட்டுவேன். இந்த நோட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது.

முழங்காலுக்குத் தைலம் வாங்க மறந்தேன்.


கார்த்திகை 9, செவ்வாய்

தூறல் நின்றது. வெயில் இல்லை.

டீச்சர் பத்து மணிக்கு. நடந்து நடந்து கால் வீங்கியிருந்தது. ஸ்டூல் கொடுத்தேன். தண்ணீர் குடித்தார்.

துறைத் தெரு லிஸ்ட். கொள்ளிடக் கரையில், நாங்கள் துணி வெளுத்த துறையை ஒட்டி இருந்த தெரு. கரையைப் பலப்படுத்த வேண்டும் என்று இடித்துவிட்டார்கள். ஆட்கள் ஆளுக்கொரு பக்கம். அவர் பெயர் வாசிப்பார், இருக்கிறானா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும்.

எனக்குக் கதவு எண் ஞாபகம் கிடையாது. கல்தான் ஞாபகம். ஆற்றில் வீட்டுக்கு ஒரு துவைக்கிற கல், மேற்கில் இருந்து வரிசையாக. கல்லை நினைத்தால் ஆள் வந்துவிடுவான்.

முதல் கல், வேலாயுதம். காமாலை. அவன் மனைவி அவனுக்கு ஆறு மாதம் முந்தி.
இரண்டாம் கல், சின்னப்பொண்ணு. கரூரில் மகள் வீட்டில் இறந்தாள்.
மூன்றாம் கல், அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒருவனைச் சாராயம், ஒருவனை லாரி.
நாலாம் கல், மருதை. போன ஐப்பசியில். கொள்ளிக் குடம் உடைக்க ஆள் இல்லாமல் நான்தான் உடைத்தேன்.
ஐந்தாம் கல், நான்.

அதற்கு மேல் ஆறு கல். எல்லாம் அதே கதை.

"தாத்தா, ஒருத்தராவது இருக்காங்களா?"

"பேரைப் படிங்கம்மா. இருந்தா சொல்ல மாட்டேனா?"

பேனாவை மூடினார். பிறகு திறந்தார். "இன்னொண்ணு கேக்கணும். பாலக்கரைல ஒரு அம்மா ஃபாரம் குடுத்திருக்காங்க. அந்தப் பழைய லிஸ்ட் எடுத்தப்ப புருஷனோட கேரளாவுல கட்டட வேலையில இருந்தாங்களாம், அதனால அவங்க பேர் எங்கயும் இல்ல. புருஷனும் இப்ப இல்ல. அவரு அனாதை இல்லத்துல வளந்தவரு, அந்தப் பக்கமும் காட்ட ஆள் இல்ல. அப்பான்னு உங்க பேரைப் போட்டிருக்காங்க. வீட்டுல பொறந்தவங்க, ஸ்கூலுக்கும் போகல. ஆதார் இருக்கு, அது பத்தாதாம். அப்பா யாருன்னு காட்ட ஒரு காகிதம் கிடையாது. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா அந்த ஏரியா டீச்சர் முடிச்சிடுவாங்க."

பெயரையும் சொன்னார்.

"எனக்குப் பொண்ணு இல்லம்மா" என்றேன்.

"துறைத் தெரு, அஞ்சாம் கல்லுன்னு கரெக்டா சொல்றாங்களே?"

"இருந்துச்சு. செத்துப்போச்சு."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நானாக எழுந்து போய்ப் பெட்டியில் இருந்த கார்டை எடுத்து வந்தேன். "பாருங்க. கவர்மெண்ட்டே எழுதியிருக்கு."

போனில் படம் பிடித்துக்கொண்டார். "அப்ப அந்தம்மா யாரோ. ஃபிராடு போல. மன்னிச்சுக்குங்க தாத்தா, பழசைக் கிளறிட்டேன்."

போய்விட்டார். கார்டை மறுபடி பெட்டியில் வைத்தேன். பெட்டியை மூடினேன். பிறகு நோட்டை எடுத்தேன்.


கார்த்திகை 11, வியாழன்

மழை. வெளியே போகவில்லை. டீ இல்லை.

எழுதிவிடலாம். படிக்க ஆள் இல்லை.

அவன் கோபுர வேலைக்கு வந்தவன். சாந்துச் சட்டி தூக்குகிறவன். என்ன சாதி என்று அவனுக்கே தெரியாது. கொள்ளிடத்துக்குக் குளிக்க வருவான். அவளுக்குப் பத்தொன்பது வயது. கும்பாபிஷேகக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டார்கள். ஊரே அண்ணாந்து கலசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை. நானும்.

மூன்றாம் நாள் தலைமுழுகினோம். ஓடிப்போன பெண்ணைச் செத்தவளாக நினைத்து முழுகிவிடுவது எங்கள் ஆட்களில் வழக்கம். முழுகினால் வீட்டில் இருக்கிற மற்ற பிள்ளைக்குச் சம்பந்தம் கிடைக்கும். அவளுடைய பாவாடை தாவணிகளை மூட்டையாகக் கட்டி ஆற்றில் விட்டேன். வாடிக்கை வீட்டுக் கைக்குட்டை ஒன்றைக்கூட ஆற்றுக்குக் கொடுத்தவன் இல்லை நான். மூட்டை உடனே முழுகவில்லை. ஊதிக்கொண்டு வெகுதூரம் போனது.

வாடிக்கைத் துணிக்கெல்லாம் சேராங்கொட்டை மையில் குறி போடுவோம். ஒரு புள்ளி ஒரு வீடு, இரண்டு புள்ளியும் கோடும் இன்னொரு வீடு. நான்கு சித்திரை வீதியில் அன்று இருந்த வீடுகளை இன்றும் குறியாலேயே சொல்வேன். எங்கள் வீட்டுத் துணிக்கு மட்டும் குறி கிடையாது. நம்ம துணி நமக்குத் தெரியாதா என்பார் என் அப்பா.

கார்டு விஷயம். சேகருக்குப் பெண் கொடுக்கிறவர்கள் கார்டை வாங்கிப் பார்ப்பார்கள் என்று தெருவில் சொன்னார்கள். பெயரை எடுக்கப் போனேன். குமாஸ்தா கேட்டார்: "கல்யாணம் ஆகிப் போயிடுச்சா, செத்துடுச்சா?" கல்யாணம் என்றால் எந்த ஊர், யார் வீடு என்று அடுத்த கேள்வி வரும். செத்துடுச்சு என்றேன். தெருவில் இரண்டு பேர் சாட்சி. மொத்தம் மூன்று கட்டைவிரல்.

பட்டம்மாள் கார்டை வாங்கி முந்தானையால் அந்தச் சிவப்பை ஒற்றி ஒற்றிப் பார்த்தாள். எந்தக் கறைக்கு எது போடுவது என்று தெரிந்தவள்.

முதியோர் வகுப்பில் நான்காம் மாதம் வாத்தியார், "அவங்கவங்க பிள்ளைங்க பேரை எழுதுங்க" என்றார். சேகர் என்று எழுதினேன். "ஒண்ணுதானா ஐயா?" என்றார். மறுநாள் முதல் போகவில்லை. எழுதத் தெரியும் என்றால் எழுது என்பார்கள். ஒரு பெயரை எழுதினால் அடுத்த பெயரைக் கேட்பார்கள். அதனால்தான் கட்டைவிரல்.

அவள் பெயர் இந்த ஊர் முழுக்க இருக்கிறது. கடை போர்டில், ஆட்டோ முதுகில். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் யாராவது யாரையாவது அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எழுத்து கூட்டத் தெரிந்த நாளில் இருந்து தினமும் படிக்கிறேன். எழுதியதில்லை.

பட்டம்மாள் கடைசிச் சில வருஷம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, "மன்னார்புரம் வரைக்கும் போயிட்டு வரேன்" என்பாள். மன்னார்புரத்தில் எங்களுக்கு யாரும் இல்லை. நான் கேட்டதில்லை. பட்டம்மாளை எடுத்த அன்று தெருமுனையில் ஒரு பெண் நின்றாள். தலையில் முக்காடு. நம்ம துணி நமக்குத் தெரியாதா. பாடை அவளைத் தாண்டும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

எழுதியது போதும். விரல் வலி.


கார்த்திகை 22, திங்கள்

வெயில். போர்வை அலசினேன். தைலம் வாங்கினேன், பிரயோஜனம் இல்லை. டீச்சரைத் தெருவில் பார்த்தேன். கூப்பிட வாய் எடுத்தேன். அவர் போனில் யாரோடோ சண்டை. போய்விட்டார்.

நாளை சொல்லலாம்.


கார்த்திகை 23, செவ்வாய்

சொல்லவில்லை.


மார்கழி 4, வெள்ளி. அமாவாசை

பனி. ஆடிக்கும் தைக்கும் மட்டும்தான் தர்ப்பணத்துக்குக் காவிரிக்கு, அம்மா மண்டபம் போவேன். இன்று கால் தானாகப் போனது.

படித்துறையில் ஐயர், "பேரெல்லாம் சொல்லுங்கோ" என்றார். அப்பா, அம்மா, பட்டம்மாள், சேகர். சேகரும் போய் ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. அவன் மனைவி பிறந்த வீட்டோடு.

"வேற யாராவது விட்டுப்போச்சா? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இல்ல சாமி."

இத்தனை வருஷமாக அவள் பெயருக்கு ஒரு நாளும் எள்ளும் தண்ணீரும் விட்டதில்லை. பட்டம்மாள் இருந்தபோது ஒரு தை அமாவாசையில் இதே படியில் வைத்துக் கேட்டாள்: "செத்துட்டான்னு ஊருக்கே சொன்ன வாயி, எள்ளு எறைக்க மட்டும் வரலியாக்கும்?" ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். என் கூட இருந்த காலத்தில் அவள் என்னை இடித்துக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வந்தால் டீக்கடையில் கூட்டம். புது லிஸ்ட் வந்துவிட்டதாம். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பெயர் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் பெயர் இருந்தது.

"பாலக்கரை அம்மா பேர் இல்ல தாத்தா. எடுத்துட்டாங்க. விசாரணைக்கு நோட்டீஸ் போயிருக்கு, ஆள் மாறாட்டம்னு."

மணி: "செத்துப்போன பொண்ணு பேர்லயே ஓட்டு வாங்கப் பாத்திருக்கா. சரியான கில்லாடி. உள்ள தள்ளணும்."

சிரித்தார்கள்.

"அவ கில்லாடி இல்லடா. என் மவ" என்றேன்.

மணி பால் ஆற்றுவதை நிறுத்தினான். சும்மா இருந்தால் நாக்கு உள்ளே போய்விடும் என்று முழுவதும் அங்கேயே சொன்னேன். கோபுரம், தலைமுழுக்கு, கார்டு, எல்லாம்.

டீச்சர் என்னையே பார்த்தார். "உசுரோட இருக்கிற ஒரு மனுஷியப் போயி, தாத்தா... நான் போட்டோ வச்சு எழுதிக் குடுத்தாச்சு. இனிமே என் கையில இல்ல. அந்தம்மா நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்குறாங்க. விதவை பென்ஷன் வேற வருது. பேர் போயிட்டா அதுவும் போயிடும்னு பயந்துக்கிட்டு டெய்லி போன் பண்ணுறாங்களாம். அது போகாதுன்னு சொன்னா நம்பல. விசாரணைக்கு நீங்களே வந்து சொல்லணும்."

"வரேம்மா."

"வந்தாலும் ஒத்துக்குவாங்களான்னு தெரியாது."

டீக்குக் காசு கொடுக்கப் போனேன். மணி வாங்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை.


மார்கழி 5, சனி

நெஞ்சு எரிச்சல். கஞ்சி.

எடுத்துப் போக வேண்டியவை: பழைய கார்டு. ஓட்டு அட்டை, ஆதார். பட்டம்மாள், சேகர் இறப்புச் சான்று. வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட வேண்டும். நானே போட்டுக்கொள்வேன்.

ஒன்று புரிகிறது. செத்தவர்களுக்கு எல்லாம் என்னிடம் காகிதம் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவளுக்குத்தான் இல்லை.


மார்கழி 14, திங்கள்

முடிவை முதலில் எழுதிவிடுகிறேன். முடிவு தெரியாது. விசாரித்து மேலே அனுப்புவார்களாம். கடைசி லிஸ்டில் வந்தால் வந்தது. அவள் என்னோடு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு என்ன இருக்கிறது.

இனி நடந்தது.

நாளை வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கம் முழுக்க வெளியூர் ஜனம், பஸ் எல்லாம் சுற்றிப் போகிறது. டீச்சர் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். பாலத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். விசாரணை, பாலக்கரைப் பக்கம் ஒரு ஸ்கூலில். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் கிழவன் கிழவிகள் வரிசையாக, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையோடு.

மூன்றாவது பெஞ்சில் அவள். தலை முழுக்க நரை. என் அம்மாவின் தாடை. பக்கத்தில் போய் நின்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க. எள்ளு தண்ணி விட்டுட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

சின்னதில் என்னை நீ என்றுதான் சொல்வாள். இது வாடிக்கைக்காரரிடம் பேசுகிற நீங்க.

"சேகர் செத்ததுக்குக்கூட எனக்குச் சொல்லி விடல. அம்மா இருந்திருந்தா சொல்லியிருக்கும்" என்றாள். அதற்குள் கூப்பிட்டார்கள்.

அதிகாரி சின்ன வயசு. கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவருக்கும் தூக்கம் இல்லை போல. மேசையில் என் கார்டின் படம், பெரிதாக அச்சடித்து. சிவப்பு கறுப்பாகத் தெரிந்தது.

"பெரியவரே, போன மாசம் செத்துட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப உயிரோட இருக்காங்கன்னா எதை நம்புறது?"

"போன மாசம் சொன்னது பொய்ங்க."

"இந்தக் கார்டு?"

"அதுவும் என் பொய்தான். மை மட்டும்தான் ஆபீசு மை."

"இப்ப சொல்றது பொய் இல்லன்னு நான் எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

எள்ளைப் பற்றிச் சொன்னேன். எத்தனை ஆடி, எத்தனை தை. ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் செத்தவர்களோடு சேர்த்துச் சொன்னதில்லை என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, இது மேசைக்கு அந்தப் பக்கம் போகாது என்று.

"எள்ளெல்லாம் ரெக்கார்டு இல்ல, பெரியவரே."

அவள் எழுந்தாள். "விடுங்க சார். அவரு செத்துட்டான்னா செத்துட்டதுதான். துறைத் தெருவுல எல்லாரையும் அனுப்பி வச்சவரு அவருதான். என்னை மட்டும் ஏன் மிச்சம் வைக்கணும்?"

டீச்சர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அதிகாரி ஒரு தாளைத் தள்ளினார். குடும்பத்தில் உள்ளவர் பெயர், உயிருடனா, இறப்பா. "உங்களைத் தவிர மத்தவங்க. டீச்சர் எழுதட்டும். நீங்க கீழ கைநாட்டு வைங்க." மைப் பெட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். பழக்கத்தில் கட்டைவிரல் நீண்டுவிட்டது. இழுத்துக்கொண்டேன்.

"பேனா குடுங்க. நான் எழுதுறேன்."

டீச்சர் வாயைத் திறந்தபடி பார்த்தார். அவள்தான் கேட்டாள்.

"நீ எப்ப கத்துக்கிட்ட?"

பதில் சொன்னால் கை நின்றுவிடும் என்று எழுதத் தொடங்கினேன். பின்னால் வரிசையில் யாரோ, "சீக்கிரம் தாத்தா, சோத்து நேரம்" என்றார்கள். ஒவ்வொரு எழுத்தாக வைத்தேன்.

பட்டம்மாள், மனைவி. இறப்பு.
சேகர், மகன். இறப்பு.
மகள், உயிருடன். ரெங்கநாயகி.